கைமாற்றலும் கைப்பற்றலும்

கல்லூரி ஒன்று தன் ஆண்டுகளை எண்ணி விழாவெடுக்குங்கால், அதனைக் கட்டியெழுப்பிய பெரியோரை நினைந்து போற்றுதல் மரபாகும். அம்மரபினை இம்மலரின் ஏனைய பக்கங்கள் செவ்வனே நிறைவேற்றும். யாம் ஈண்டு எழுதப்புகுவது புகழ்பெறாத ஒரு செயலைப் பற்றியதாகும். பொறுப்பில் இருந்த ஒருவர் அதனை அடுத்தவரிடம் எவ்வாறு ஒப்படைத்துச் செல்லல் வேண்டும் என்பதே அது. ஒரு கல்விநிலையம் தலைமுறை பல கடந்து நிலைத்தது எனின், அதன் வரலாற்றில் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் திறப்புக் கோவையை ஒழுங்காகக் கையளித்தார், இன்னொருவர் அதனை எண்ணிப் பெற்றுக்கொண்டார் என்பது பொருள். கையளித்தவரின் படம் மண்டபத்திற் தொங்குவதில்லை. ஆயினும் அவர் அதனைச் செய்யாது சென்றிருப்பின் மண்டபமே பூட்டிக் கிடந்திருக்கும்.

இப்பொருளைக் கணினி வலையமைப்பை முன்வைத்து விளக்க விழைகின்றோம். தமிழாசிரியர்க்குக் கணினியோடு என்ன உறவு என அன்பர் சிலர் வினவக்கூடும். மாணவர் இடாப்பும், தவணைப் புள்ளிகளும், வினாத்தாள்களும், விடுகைப் பத்திரமும் இன்று கணினிக்குள்ளே குடிபுகுந்துவிட்டன. யாப்பிலக்கணம் கற்பிப்போரும் தவணை முடிவிற் புள்ளியைப் பதிய அப்பொறியின் முன்னேதான் அமர்கின்றோம். வீடு எல்லோர்க்கும் பொது எனின், திறப்பு எவர் கையில் உள்ளது என்னும் கேள்வியும் எல்லோர்க்கும் பொதுவே.

ஒரு கல்லூரியில் ஐம்பது அறுபது கணினிகள் இருப்பின், அவற்றுள் நுழைவோர் யாவர், எவர்க்கு எவ்வளவு உரிமை என்பனவற்றை ஒவ்வொரு பொறியிலும் தனித்தனியே எழுதிவைத்தல் இயலாது. ஆதலால் அவை அனைத்தும் ஓர் ஆட்சி எல்லைக்குள் அடக்கப்படுகின்றன. அவ்வெல்லையை டொமைன் என்பர். எமது பாடநூல்கள் ஆள்களம் என்னும். ஆள்களத்தின் பேரிடாப்பைக் காத்து, வருவோரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து உள்ளே விடும் சேவையகக் கணினியே டொமைன் கன்ட்ரோலர் எனப்படுவது. அதனை யாம் இக்கட்டுரையில் ஆள்களக் காவலன் என வழங்குவோம்.

முற்காலத்து விண்டோஸ் என்ரி முறையிலே தலைமைக் காவலன் ஒன்றே இடாப்பில் எழுதும் அதிகாரம் உடையது. ஏனையவை அதன் படியை வைத்திருந்தன. 2000ஆம் ஆண்டில் வந்த ஆக்டிவ் டைரக்டரி என்னும் முறை இதனை மாற்றியது. எல்லாக் காவலர்களும் எழுதலாம். எழுதியதை ஒருவர்க்கொருவர் அறிவித்து ஒத்துப்போகலாம் என்றாயிற்று. எனினும் ஐந்து பணிகள் மாத்திரம் ஒருவர் கையிலேயே இருத்தல் வேண்டும் என விதித்தனர்.

இதன் நியாயம் எம் வயற்புறத்தார்க்கு எளிதில் விளங்கும். உன்னிச்சைக் குளத்து நீரிலே விளையும் வயல்களில், தத்தம் வரம்பின் வக்கடையை அவரவர் வெட்டலாம், கட்டலாம். ஆயின் குளத்தின் துருசைத் திறப்பது ஒருவர் பொறுப்பு. இருவர் தனித்தனியே திறக்கப் புகுந்தால் மேட்டு வயல் காயும், பள்ள வயல் அழுகும். வக்கடை பலர்க்கு, துருசு ஒருவர்க்கு என்பதே ஆள்களத்தின் அமைப்புமாகும்.

அவ்வைந்து பணிகளையும் சுருங்கக் கூறுவோம். முதலாவது, இடாப்பில் எவ்வெக் கட்டங்கள் இருத்தல் வேண்டும் என்னும் அமைப்பையே மாற்றும் அதிகாரம். இரண்டாவது, புதிய ஆள்களங்களைச் சேர்க்கவும் நீக்கவுமான அதிகாரம். இவ்விரண்டும் முழு வலையமைப்புக்கும் ஒவ்வொருவரிடமே உள. மூன்றாவது, புதிதாகச் சேர்வோர்க்கு வழங்கவேண்டிய அடையாள எண்களை ஏனைய காவலர்க்குப் பகிர்ந்தளித்தல். இது 500 எண்கள் கொண்ட கட்டுக்களாக அளிக்கப்படும். நான்காவது, கடவுச்சொல் மாற்றங்களை உடன் அறிந்து தீர்ப்புச் சொல்லுதலும், எல்லாக் கணினிகளுக்கும் நேரங் காட்டுதலும். ஐந்தாவது, வேறு ஆள்களத்தாரின் பெயர்க் குறிப்புக்களைத் திருத்தமாக வைத்திருத்தல். பின் மூன்றும் ஆள்களம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவரிடம் இருப்பன. ஒரே ஆள்களம் உடைய ஒரு கல்லூரியில் ஐந்தும் ஒரே பொறியில் இருத்தல் பெருவழக்கு.

இப்பொறுப்புக்களைத் தாங்கிய பொறி ஒருநாள் நின்றுவிட்டால் யாது நிகழும்? உடனே எதுவும் நிகழாது என்பதே இதிலுள்ள பெரும் ஏமாற்று. இரண்டாவது காவலன் இருப்பின், வழமைபோல் யாவரும் உள்நுழைவர், பாடம் நடக்கும், அச்சுப்பொறி அச்சிடும். குறை மெல்ல மெல்லத் தலைகாட்டும். நேரங்காட்டும் பொறி இல்லாமையால் கடிகாரங்கள் பிசகத் தொடங்கும். அப்பிசகு 5 நிமிடத்தைத் தாண்டுமாயின், சாதாரண அமைப்பிலே உள்நுழைவு மறுக்கப்படும். எஞ்சிய காவலன் தன்னிடமிருந்த எண் கட்டு முடியும்வரை புதியவரைச் சேர்க்கும். முடிந்தபின் கையை விரிக்கும். தலைவாயிற் காவலன் இறந்ததை வீட்டார் அறியப் பல நாட் செல்லும் என்பது இதன் பொருள்.

இனி, பொறுப்பை ஒரு காவலனிடமிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் வழிகள் இரண்டு. ஒன்று கைமாற்றல், மற்றொன்று கைப்பற்றல். இவ்விரண்டின் வேறுபாடே இக்கட்டுரையின் உயிர்நிலை.

கைமாற்றல் என்பது இரு பொறிகளும் உயிரோடிருக்கையிற் செய்வது. புதியது பழையதை அணுகி, இப்பொறுப்பை யாம் ஏற்கின்றோம் என அறிவிக்கும். பழையது தன்னிடமுள்ள கடைசி மாற்றங்களையும் கொடுத்து, பொறுப்பிலிருந்து விலகியதைத் தன் இடாப்பிலும் பதிந்துகொள்ளும். அதன் பின்னர் ஏனையோர் அனைவரும் இச்செய்தியை அறிவர். இதனைச் செய்யச் சில நிமிடங்களே போதும். செய்வதற்கு முன், எப்பொறுப்பு எவரிடம் உள்ளது எனக் கேட்டறிதலும், இரு பொறிகளின் இடாப்பும் ஒத்திருக்கின்றனவா எனச் சோதித்தலும் வேண்டும். செய்தபின், மீண்டும் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்தலும், புதிய பொறிக்கு நம்பத்தகுந்த நேர மூலத்தைக் காட்டிக்கொடுத்தலும் வேண்டும். பழைய பொறியை ஓய்வுறச் செய்வதாயின், மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டுப் போகாது, முறைப்படி காவற் பதவியிலிருந்து இறக்கி விடுவித்தல் வேண்டும்.

கைப்பற்றல் என்பது பழையது இனி மீளாது என்று துணிந்தபின் செய்வது. ஒப்புதல் கேட்க எவரும் இல்லாத நிலையில், உயிரோடிருக்கும் பொறி பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். அவ்வேளையிலும் அதற்கென அமைந்த கருவி ஓர் ஒழுக்கத்தைக் காக்கின்றது. கைப்பற்றுக என்று கட்டளை இட்ட பின்னரும், அது முதலிற் பழையதை ஒருமுறை அழைத்துப் பார்க்கின்றது. விடை வந்தால் முறையான கைமாற்றமாகவே முடிக்கின்றது. வராவிடின் மாத்திரமே கைப்பற்றுகின்றது. மனிதர் வகுத்த இப்பண்பாட்டை மனிதர் தம்முள்ளே கடைப்பிடிப்பின் எத்துணை நன்று!

கைப்பற்றியபின் ஒரு கடுமையான விதி உண்டு. பொறுப்பு இழந்த பழைய பொறியைத் திருத்தி எடுத்தாலும், அதனை அப்படியே மீளவும் வலையமைப்பில் இணைத்தல் ஆகாது. தான் பதவி இழந்ததை அது அறியாது. தானே இன்னும் தலைவன் என்று கருதி, முன் கொடுத்த எண்களையே மீளக் கொடுக்க நேரின், இரு மாணவர்க்கு ஓர் அடையாளம் அமையும். ஒருவர்க்குரிய கதவு மற்றவர்க்குத் திறக்கும். அதனால் முழுவதும் அழித்து, புதிதாக அமைத்த பின்னரே அதனைச் சேர்த்தல் வேண்டும்.

எமது வாவிக்கரையில் உள்ள ஒரு வித்தியாசாலையில் நேர்ந்ததை இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். பெயர் கூறுதல் வேண்டியதில்லை. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் அன்போடு அனுப்பிய பணத்திலே கணினிக் கூடம் எழுந்தது. ஆர்வமிக்க இளைஞர் ஒருவர் இரவு பகல் பாராது இரு சேவையகங்களை நிறுவினார். ஐந்து பொறுப்பும் ஒரு பொறியில். கடவுச்சொல் அவர் நெஞ்சில். எவரும் கேட்கவில்லை, அவரும் எழுதிவைக்கவில்லை. வெளிநாட்டில் வேலை கிடைத்தது. மாலை சூட்டி வழியனுப்பினர். சில திங்களின் பின் ஒரு மின்வெட்டிலே தலைமைப் பொறி நின்றது. இரண்டாவது தொடர்ந்து இயங்கியமையால் எவரும் பொருட்படுத்தவில்லை. ஆண்டு பல முயன்று சேர்த்த பிள்ளைகளின் கணக்குகள் அதன் எண் கட்டைக் கரைத்தன. ஈற்றில் ஆறாம் வகுப்புக்குப் புதிதாய் வந்த பிள்ளைகட்குக் கணக்குத் திறக்க முற்பட்டபோதே பொறி மறுத்தது. அவ்விளைஞரைத் தொலைபேசியிற் தேடிப் பிடிக்கப் பல நாட் சென்றன. அவர் மனமுவந்து கடவுச்சொல்லைச் சொன்னார். வந்த தொழினுட்பவியலாளர் பொறுப்புக்களைக் கைப்பற்றி மீட்டார். அதன்பின் நல்லெண்ணம் படைத்த வேறொருவர் பழைய பொறியைத் திருத்திக்கொண்டு வந்து இணைக்க முற்பட்டார். விடயமறிந்த ஒருவர் தற்செயலாக அங்கு நின்று தடுத்தமையாற் பெருங்கேடு ஒன்று தவிர்ந்தது. இதிலே கெட்டவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் நல்லவராயிருந்தும் கையளித்தல் என்னும் ஒன்று நிகழாமையால் வந்த இடர் இது.

பெரிய உலகிலும் இக்கதை நிகழ்ந்துள்ளது. இணையத்தின் முகவரிப் பெயர்கட்கெல்லாம் மூல இடாப்பு ஒன்று உண்டு. எம் நாட்டுப் பெயர் தமிழெழுத்திலே '.இலங்கை' என முகவரியாகச் சேர்க்கப்பட்டதும் 2010இல் அவ்விடாப்பிலேயே. அதனை நெடுங்காலம் பேணிய அமெரிக்க அறிஞர் ஜோன் போஸ்ரல், 1998 ஜனவரி 28ஆம் நாள், மூலச் சேவையகங்களை நடத்துவோர் எண்மருக்கு மடல் எழுதி, அதுவரை இருந்த தலைமைப் பொறியை விடுத்துத் தம் பொறியிலிருந்து இடாப்பைப் பெறுமாறு கேட்டார். அவர்மேல் வைத்த மதிப்பினால் அவர்களும் அவ்வாறே செய்தனர். அமெரிக்க அரசு ஆட்சேபித்தது. அது ஒரு பரிசோதனை எனக் கூறி அவர் மீளவும் பழைய நிலைக்குக் கொணர்ந்தார். அதே ஆண்டு ஒக்டோபர் 16இல் அவர் மறைந்தார். ஐகான் என்னும் அமைப்பு அதற்குச் சில வாரங்கள் முன்னரே தோன்றியிருந்தமையால், பணி தடைப்படவில்லை. பின்னர் 2014 மார்ச்சில், தம் மேற்பார்வைப் பொறுப்பை விடுவிக்க அமெரிக்க அரசு இசைவதாக அறிவித்தது. இரண்டரை ஆண்டுகள் பல நாட்டாரும் கூடிப் பேசி, 2016 ஒக்டோபர் 1ஆம் நாள் அப்பொறுப்பு முறைப்படி விடுபட்டது. அன்று இணையத்தைப் பயன்படுத்தியோருக்கு மாற்றமே தெரியவில்லை. நன்கு செய்த கைமாற்றத்துக்கு அடையாளம் அதுவே.

தொலைவிற் செல்லவேண்டியதில்லை. எம் மட்டக்களப்புக் கோயில்களில் வண்ணக்கர் பொறுப்பு மாறும்போது, திறப்புக்களும் திருவாபரணப் பட்டியலும் ஊரவர் கண்முன்னே எண்ணி ஒப்புவிக்கப்படுவதன் கருத்தும் இதுவே. வாங்குபவரை நம்பாமையால் எண்ணுவதில்லை. நாளை எவர்மீதும் பழி சேராமைக்கே எண்ணுகின்றனர். காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர் 1929ஆம் ஆண்டு கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராய்ச் சிதம்பரஞ் சென்றார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூலை 19இல் மறைந்தார். தோற்றுவித்தவர் தொலைவிற் சென்றபோதும், உலகை விட்டே சென்றபோதும், பள்ளி நடந்தது. அவர் அதனைத் தம் ஒருவர் தோளிற் தொங்கவிடாது, இராமகிருஷ்ண மிஷன் என்னும் நிறுவனத்தின் பொறுப்பில் வைத்தமையே அதற்குக் காரணம் என்பது எமது துணிபு. அவர் யாழ் ஆய்ந்த பெருமையைப் பேசும் நாம், இந்நிருவாக நுண்மதியையும் பேசுதல் வேண்டும்.

ஈண்டு எழும் மறுப்புக்கள் சிலவற்றை எதிர்நோக்குவோம். இரகசியம் ஒருவரிடம் இருத்தலே பாதுகாப்பு என்பர் சிலர். ஒருவரிடம் மாத்திரம் உள்ள இரகசியம் அவரோடு போய்விடும் இரகசியம். 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு எம் மாவட்டத்தை அழித்த சூறாவளியும், 2004 டிசெம்பர் 26இன் கடற்கோளும் எவரிடமும் முன்னறிவித்தல் கொடுத்து வரவில்லை. இயற்கை வேண்டாம், 2022 டிசெம்பர் 31ஆம் நாள், ஓய்வு வயது அறுபதாகக் குறைக்கப்பட்டமையால், அரசாங்க சேவையினின்று ஒரே நாளிற் பெருந்தொகையினர் விலகினர். அந்நாள் முன்கூட்டியே தெரிந்த நாள். அவ்வாறிருந்தும், மறுநாட் காலை எத்தனை அலுவலகங்களிற் திறப்பைத் தேடியிருப்பர் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

இனி, எல்லாம் மேகக் கணிமைக்குச் சென்றுவிட்டன. கல்லூரியிற் சேவையகமே தேவையில்லை என்பர் வேறு சிலர். பொறி இடம்மாறலாம், பொறுப்பு இடம்மாறாது. தொலைவிலுள்ள அம்மேகத்துக்கும் தலைமை நிருவாகக் கணக்கு ஒன்று உண்டு. அது ஓர் ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலிலும், அவரது கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியிலும் தங்கியிருக்குமாயின், முன்னைய இடரே புதிய உடையில் நிற்கின்றது.

ஆதலால் எம் கல்லூரியினரும் அயற் பாடசாலையினரும் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைப் பணிவோடு முன்வைக்கின்றோம். எப்பொறுப்பு எப்பொறியிலும் எவரிடமும் உள்ளது என்பதைச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் எழுதி, அதிபரும் பொறுப்பாளரும் ஒப்பமிடுதல் வேண்டும். நிருவாகக் கடவுச்சொல்லும், காவலன் ஒவ்வொன்றுக்கும் தனியே உள்ள மீட்புக் கடவுச்சொல்லும் உறையிலிட்டு முத்திரையிடப்பட்டு அதிபரின் இரும்புப் பெட்டகத்தில் இருத்தல் வேண்டும். ஆள் மாறும்போது சொல்லும் மாறுதல் வேண்டும். எப்பணியையும் அறிந்தோர் இருவரேனும் இருத்தல் வேண்டும். அவருள் ஒருவர் இளையவராயிருத்தல் நன்று. இவை யாவற்றினும் மேலாக, ஆண்டுக்கு ஒருமுறை, இடமாற்றங்கள் நடைமுறைக்கு வரும் ஜனவரிக்கு முன்னதாகவே, பொறுப்புக்களை ஒரு பொறியிலிருந்து மற்றதற்கு மாற்றிப் பார்க்கும் ஒத்திகை நிகழ்தல் வேண்டும். அவ்வொத்திகையைப் பழையவர் செய்துகாட்டப் புதியவர் பார்த்திருத்தல் போதாது. புதியவர் செய்யப் பழையவர் அருகில் வாய்மூடி நிற்றல் வேண்டும். ஆசிரியத் தொழிலிற் பயிற்சி பெற்ற எவரும் இதன் பயனை அறிவர்.

பழைய மாணவர் சங்கத்தாரிடமும் ஒரு சொல் கூற இம்மலரே தக்க இடம். சங்கங்கள் சிலவற்றிலே செயலாளரும் பொருளாளரும் இருபதாண்டு தொடர்ந்து இருத்தலைப் பெருமையாகப் பேசுகின்றோம். அவர்தம் தொண்டு பெரிது. அதனை மறுப்பார் இலர். ஆயின் உறுப்பினர் இடாப்பும், வங்கிக் கணக்கின் கையொப்பமும், வெளிநாட்டுக் கிளைகளின் தொடர்பும் ஒருவரது வீட்டு அலுமாரியிலும் ஒருவரது நினைவிலும் மாத்திரம் இருப்பின், அச்சங்கத்துக்கு ஆண்டு ஐம்பது ஆயினும் ஆயுள் ஒருவரது ஆயுளே. நாற்பது வயதினர் பொறுப்பேற்க வரவில்லை என்று முதியோர் வருந்துகின்றனர். எமக்கு எதையும் தருவதில்லை என்று இளையோர் குறைப்படுகின்றனர். இரு சாராரும் உயிரோடும் உறவோடும் இருக்கும் இக்காலமே கைமாற்றத்துக்குரிய காலம். அது தவறின், பின்னர் நிகழ்வது கைப்பற்றலாகவே முடியும்; கைப்பற்றலின் பின் பழையவர்க்கு மீள வரும் வாயிலும் அடைபடும். பொறிக்கு அவ்விதி தொழினுட்பம். மனிதர்க்கு அது மனத்துயரம்.

வள்ளுவப் பெருந்தகை தெரிந்துவினையாடல் என ஓர் அதிகாரமே வகுத்து, தக்கவரைத் தேர்ந்து வினையை ஒப்படைக்கும் முறையை ஆராய்ந்தார். ஒப்படைத்தலும் ஓர் ஆள்வினை என்பதனை இக்காலத்துப் பொறியியலாரும் தம் வழியிற் கண்டுள்ளனர். பதவியை ஏற்கும் நாளில் மாலை அணிவிக்கின்றோம். அதனை முறையாகக் கையளிக்கும் நாளில் இரு மாலை அணிவித்தல் தகும் என்பது எமது கருத்து. இவ்விழா ஆண்டிலே கல்லூரியிலும் சங்கத்திலும் பொறுப்பு வகிப்போர் ஒவ்வொருவரும், தமக்குப்பின் வருபவர் இன்னார் எனத் தேர்ந்து, அவர்க்கு ஒரு திறப்பையேனும் இப்பொழுதே கொடுத்துப் பழக்குவாராக. அடுத்த விழாவின் மலரை வெளியிடுவோர், எம்மைத் தேடி அலையாது, எம் பணியைத் தொடர்ந்து செய்வாராக. கல்லூரி நீடு வாழ்க!